பொன்னும் புழுதியும்: கோலார் தங்கவயலின் சூழல் வரலாறும் தமிழ்த் தொழிலாளரும்

கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்கு எல்லையில் அமைந்த கோலார் தங்கவயல் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று பொறியியற் பெருமிதம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று, இந்தியாவில் மின்னாற்றல் நெடுந்தொலைவு கொண்டுசெல்லப்பட்ட முதலிடம் என்னும் வகையில் அது பேசும். மற்றொன்று தொழிற்சங்க வரலாறு. சானகி நாயர் மைசூர் அரசின் சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் ஒருங்குவைத்து எழுதிய நூல் இவ்வகையில் தலையாயது. இவ்விரண்டும் தொட்டுச் சென்ற, ஆனால் நின்று பேசாத ஒரு பொருள் உண்டு. பொன்னை எடுப்பதற்காக நிலமும் நீரும் காற்றும் மனித நுரையீரலும் எவ்வாறு செலவழிக்கப்பட்டன, அச்செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதே அது. இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகின்றது. தங்கவயலின் மக்களுட் பெரும்பாலோர் தமிழராக இருந்தமையால் இது தமிழியல் ஆய்வின் எல்லைக்கு உட்பட்டதே. எனினும் மாநில எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதனாலோ என்னவோ, தமிழ்த் துறைகள் இதில் காட்டிய ஆர்வம் குறைவு.

கோலாருக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு சுரங்கத்தோடு தொடங்கியதன்று. கங்கர்களின் குவளாலபுரமே இன்றைய கோலார். சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலத்துள் அடங்கியது. கோலாரம்மன் கோயிலிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளமையை ரைஸ் 1905இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டுவோர் எளிதில் காணலாம். ஆகவே, தங்கவயல் தமிழரை 'வந்தேறிய கூலிகள்' என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. மறுதலையாக, அவர்கள் அனைவரும் சோழர் காலக் குடிகளின் வழித்தோன்றல்கள் என்று உரிமை பாராட்டுவதும் சான்றற்ற செயலாகும். பெரும்பான்மையோர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தோரே.

வாரன் கண்ட காட்சி

திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் எல்லையை அளக்கும் பணியில் இருந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802இல் உரிகம் பகுதிக்கு வந்தார். மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. ஊரார் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவர, பெண்கள் அதனை நீரில் அலசிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினர். பின்னர் அவர் மாரிக்குப்பம் சென்றபோது, பறையர்கள் குழிகளுக்குள் இறங்கிக் கல்லை வெட்டிக் கூடைகளில் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அதனைப் பாறைமேல் இடித்துத் தூளாக்கி அலசுவதையும் கண்டார்.

இக்குறிப்பு பின்வந்த எல்லா நூல்களிலும் எடுத்தாளப்பட்டுள்ளது. ஆனால் ஒரு சுவையான முன்கதையாகவே எடுத்தாளப்பட்டுள்ளது. அதிலிருந்து பெறப்படும் செய்தி வேறு. குழும முதலீடு வருமுன்னரே அந்நிலத்தில் பொன்னெடுக்கும் தொழில் ஒன்று இருந்தது. அதனைச் செய்தோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அது மழைக்காலமும் வேளாண்மையும் போக எஞ்சிய நேரத்தில், நீரால் அலசிச் செய்த சிறுதொழில். நஞ்சு எதுவும் அதில் பயன்படவில்லை. கழிவாக எஞ்சியது மீண்டும் மண்ணோடு சேரத்தக்க மண்ணே. அத்தொழிலின் தொழில்நுட்பச் சொற்கள் எவையாக இருந்தன என்பதை வாரன் பதிவு செய்யவில்லை. அளவையாளரின் கண் அவருக்கு இருந்தது, சொல்லைக் கேட்கும் செவி இல்லை.

நியூசிலாந்துப் போரில் பணியாற்றிப் பெங்களூரில் ஓய்வு வாழ்க்கை நடத்திவந்த மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் வாரனின் கட்டுரையை 1871இல் படித்து ஆவலுற்றார். 1873இல் அவர் மைசூர் அரசிடம் உரிமம் கோரினார். 1875இல் இருபதாண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. போதிய பொருள் இன்றி அவ்வுரிமை கைமாறி, 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் மற்றும் மக்கள் என்னும் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. முதற்சில ஆண்டுகள் இழப்பிலேயே கழிந்தன. முதலீட்டாளர் கைவிடவிருந்த நிலையில் கேப்டன் பிளம்மர் என்பார் மைசூர்ச் சுரங்கத்தில் பழங்குழிகளின் வழியே மேலும் கீழே தோண்டிச் சென்று, 'சாம்பியன்' எனப் பின்னர் பெயர்பெற்ற படிகக்கல் அடுக்கைக் கண்டடைந்தார். பழையோர் விட்ட இடமே புதியோர்க்கு வழிகாட்டியது. நிலவியலாரின் கண்டுபிடிப்பு என்று கூறப்படுவதற்குள் பெயரற்ற முன்னோரின் அறிவு புதைந்துள்ளமை கருதத்தக்கது.

பஞ்சமும் குடியேற்றமும்

இக்கால நிரலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாவெலின் குத்தகை ஆண்டான 1875க்கும் ஜான் டெய்லர் வருகை ஆண்டான 1880க்கும் இடையில் வருவது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மைசூர் அரசின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அழிந்தது. கோலார் மாவட்டம் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்று. அண்டையிலிருந்த வடஆர்க்காடும் சேலமும் அவ்வாறே. பண்ணையடிமை நிலையில் இருந்த நிலமற்ற மக்களுக்குச் சுரங்கக் கூலி, அஃது எத்துணை இடர் நிறைந்ததாயினும், கையில் காசாகக் கிடைத்த கூலி. மேஸ்திரிகளின் வழியே குடும்பம் குடும்பமாக வந்தனர். இத்தாலியர் சிலரும் கார்ன்வால் சுரங்கத்தாரும் மேற்பார்வைக்கு வந்தனர். நிலத்தடியில் துளையிட்டுக் கல்லுடைத்துத் தள்ளுவண்டி தள்ளியோர் பெரும்பாலும் ஆதிதிராவிடரே.

இவர்களுக்குக் கிடைத்த குடியிருப்பு மூங்கில் தட்டிகளால் ஆன வரிசை வீடு. 'லைன்' என்னும் சொல் தங்கவயல் தமிழில் ஊர்ப்பெயரின் ஒரு கூறாகவே நிலைத்துவிட்டது. வேலை நேரத்தை அறிவித்தது சங்கொலி. சுரங்கத்திலிருந்து வெளிவருவோர் உடற்சோதனைக்கு ஆளாயினர். உரிமமின்றிச் சுரங்கப் பொன்னோ பொன்கலந்த பொருளோ வைத்திருப்பது குற்றம் எனச் சட்டம் வகுக்கப்பட்டது. வாரன் கண்ட காலத்தில் தொழிலாக இருந்தது நூறாண்டுக்குள் திருட்டாகிவிட்டது. இயற்கை வளம் ஒன்று தனியுடைமையாகும்போது நிகழும் மாற்றங்களுள் இச்சட்ட மாற்றமே முதன்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மரம் வெட்டுவது, மண் அள்ளுவது, வடிநீரில் கைவிட்டுத் துழாவுவது ஆகிய அனைத்தும் அதன்பின் அத்துமீறல்களாகக் கருதப்பட்டன.

1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். கூலி உயர்வுக்காக அன்று, கைரேகை பதிவதற்கு எதிராகவே தொழிலாளர் ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். அவர்களுக்கென்று அமைப்பான சங்கம் அப்போது இல்லை. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் விரல்ரேகை எடுக்கப்பட்ட காலம் அது. தம்மைக் குற்றவாளிகளாக ஏட்டில் ஏற்றும் செயலாகவே தொழிலாளர் அப்பதிவைக் கண்டனர்.

காவிரியின் பங்கு

தமிழ் வாசகர் பெரிதும் அறியாத தொடர்பு ஒன்றை இங்குச் சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும். சுரங்கம் ஆழமாக ஆக நீரிறைக்கவும் கல்லரைக்கவும் காற்றுச் செலுத்தவும் வேண்டிய ஆற்றல் பெருகியது. தொடக்கத்தில் கொதிகலன்கள் விறகால் எரிந்தன. சுரங்கச் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கவும் மரமே வேண்டியிருந்தது. மழை குறைந்த வறண்ட மேட்டுநிலத்தில் இவ்விரு தேவையும் சுற்றுவட்டக் காடுகளின்மேல் விழுந்தன. இதற்கு மாற்றாகத் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் வகுக்கப்பட்டதே சிவசமுத்திரம் மின்திட்டம். 1902ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்னாற்றல் தங்கவயலை அடைந்தது. பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தது 1905இல். தலைநகருக்கு மூன்றாண்டு முன்னரே சுரங்கம் ஒளிபெற்றது.

ஆனால் அருவி நீர் கோடையில் குறைந்தது. நீர் குறைந்தால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் சுரங்கத்திற்கு உறுதியளித்த ஆற்றலைத் தர இயலாது. ஆற்றினை மறித்து நீர் தேக்கவேண்டும் என்ற எண்ணத்திற்கு இது ஒரு முதன்மைக் காரணம். 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணைக்கு, அதாவது கிருஷ்ணராஜசாகரத்திற்கு, பாசனத்தோடு தங்கவயலின் மின்தேவையும் நோக்கமாகக் கூறப்பட்டது. அவ்வணையின் கொள்ளளவைப் பற்றியே மைசூருக்கும் சென்னை மாகாணத்திற்கும் பிணக்கு முற்றியது. 1892 உடன்படிக்கை போதாதாயிற்று. 1914இல் கிரிஃபின் தீர்ப்பும், அதன் மேல்முறையீடும், இறுதியாக 1924 உடன்படிக்கையும் வந்தன.

காவிரிச் சிக்கலைப் பாசனம் பாசனம் என்றே நாம் பேசி வந்துள்ளோம். தஞ்சை உழவரின் நீரையும் மாரிக்குப்பம் சுரங்கத் தொழிலாளரின் மூச்சுக்காற்றையும் ஒரே ஆறு தாங்கியது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலத்தடியில் காற்றுச் செலுத்திய விசிறிகளை இயக்கியது காவிரியே. இருவரும் தமிழர், இருவர் நலனும் ஒரே உடன்படிக்கையில் எதிரெதிரே நின்றன. இருவரையும் கேட்டு அவ்வுடன்படிக்கை எழுதப்படவில்லை.

பாலாற்றின் கதை இதனினும் சிறியது, ஆயினும் ஊருக்கு நெருக்கமானது. நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார் மாவட்டத்தின் வழியே ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடியை நோக்கி வரும் அவ்வாற்றில், பேத்தமங்கலம் ஏரிநீர் தங்கவயலுக்குக் குடிநீராகவும் ஆலைநீராகவும் குழாய்வழிக் கொண்டுசெல்லப்பட்டது. 1892 உடன்படிக்கையின் ஆறுகள் அட்டவணையில் பாலாறும் இடம்பெற்றிருப்பினும், அதன் தலைப்பகுதியில் சுரங்கம் எடுத்த நீரைப் பற்றிய உரையாடல் காவிரிக்கு நிகழ்ந்ததுபோல் நிகழவில்லை.

தூசி

சாம்பியன் அடுக்கு படிகக்கல்லால் ஆனது. அதனைத் துளையிடுங்கால் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து ஆறாத தழும்பாகும். இதுவே சிலிக்கோசிஸ். இந்நோயின் இயல்பு, தூசி புகுந்து பத்து இருபது ஆண்டுகள் கழிந்தே மூச்சிரைப்பாக வெளிப்படுவதாகும். உடன் காசநோயும் எளிதில் பற்றும். எனவே நெடுங்காலம் இறப்புகள் காசம், கபம், நிமோனியா என்றே எழுதப்பட்டன. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாக மருத்துவ உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1947இல், கோலார் சுரங்கங்களிலிருந்துதான். 1940களில் நடந்த ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது.

சுரங்கம் தொடங்கி அறுபதாண்டுகளுக்குப் பின் வந்த கணக்கு இது. அதற்குமுன் உழைத்த இரண்டு தலைமுறைகள் எக்கணக்கிலும் இல்லை. மேலும் இக்கணக்கு வேலையில் இருந்தோரை மட்டுமே அளந்தது. மூச்சு வாங்கத் தொடங்கியபின் வேலையை விட்டுக் குடியாத்தம், திருப்பத்தூர்ப் பக்கத்துத் தம் ஊர்களுக்குத் திரும்பி மாண்டோரைச் சுரங்க மருத்துவமனை எவ்வாறு அறிந்திருக்கும்? நோயின் ஒரு பகுதி மாகாண எல்லையைக் கடந்து ஏற்றுமதியாயிற்று எனல் மிகையாகாது. பொன் இலண்டனுக்குச் சென்றது, நோய் வடஆர்க்காட்டிற்குச் சென்றது.

நிலத்தடியின் பிற இடர்களை விரிப்பின் பெருகும். 3,200 மீட்டர் ஆழத்தில் பாறையின் வெம்மை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. அழுத்தம் தாளாது பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அதனை ஆராயவே தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் 1988இல் தங்கவயலில் நிறுவப்பட்டது. இச்சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களை அறிவியலார் கண்டறிந்தனர். அறிவியல் வரலாறு அதனைப் போற்றுவது முறையே. அவ்வாழத்தைத் தோண்டியோரைப் பற்றி அவ்வரலாறு பேசுவதில்லை.

நிலத்தின் மேல் எஞ்சியது வேறொரு தூசி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சயனைடு முறை வந்தபின், அரைத்த கல்லை அந்நஞ்சுக் கரைசலில் ஊறவைத்துப் பொன்னைக் கரைத்தெடுத்தனர். எஞ்சிய சேறு காய்ந்து மேடுகளாயிற்று. தங்கவயல் மக்கள் வழக்கில் இவை 'சைனைட் மலை'கள். 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு உள்ளதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சுரங்கம் தன் வாழ்நாளில் தந்த பொன் ஏறத்தாழ 800 டன். வகுத்துப் பார்த்தால் ஒரு கிராம் பொன்னுக்கு 41 கிலோ, ஒரு சவரனுக்கு 330 கிலோ கழிவு இன்றும் ஊர் நடுவே கிடக்கிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையக்கூடியது. ஆகவே பெயர் அச்சுறுத்தும் அளவிற்கு அந்நஞ்சு இன்று எஞ்சியிராது. உண்மையான இடர், சல்லடையில் நில்லாத படிகத் தூசியும் கன உலோகங்களுமே. காற்று வீசும் மாதங்களில் அது வீட்டிற்குள் சோற்றிலும் படுக்கையிலும் படிகிறது. சுரங்கத்தில் இறங்காத பெண்டிரும் குழந்தைகளும் அதனைச் சுவாசித்தனர். மழைக்காலத்தில் அது ஓடைகளில் இறங்கி ஏரிப் படுகையை மேவுகிறது.

எழுதிய தமிழர்

இம்மக்கள் வெறும் பாதிக்கப்பட்டோர் அல்லர். பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் தொடங்கிய அவருடைய 'தமிழன்' இதழ்க்குத் தங்கவயலார் வாசகராகவும் புரவலராகவும் விளங்கினர். 1914இல் பண்டிதர் மறைந்தபின் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் 1920களில் மீட்டெடுத்து நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு அழியாமற் காத்தது. பண்ணையில் எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் சுரங்கக் கூலியிலிருந்து அச்சகம் நடத்தினர் என்பது தமிழ் அச்சுப் பண்பாட்டு வரலாற்றில் தனித்து எழுதப்படவேண்டிய இயல். வளச் சுரண்டல் ஒருபுறம் உடலைத் தின்றது, மறுபுறம் பண்ணையின் பிடியிலிருந்து விடுவித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்காத ஆய்வு ஒருதலையாகவே முடியும். 'வளர்ச்சியால் அழிவு' என்ற வாய்பாடு தங்கவயலுக்கு முழுமையாகப் பொருந்தாமைக்கு இதுவே காரணம். சேரிக்குத் திரும்புவதினும் தூசியே மேல் என்று கருதியோர் அங்கே வாழ்ந்தனர்.

1946 நவம்பர் 4 அன்று பொதுவுடைமையர் தலைமையில் இயங்கிய தொழிலாளர்மேல் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் அறுவர் உயிரிழந்தனர். தங்கவயலில் அந்நாள் நினைவுநாளாகக் கொண்டாடப்பட்டு வந்துள்ளது.

மூடியபின்

1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன் இறுதியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இழப்பே காரணம் என்பது அரசின் வாதம். எடுத்த பொன்னை உள்நாட்டுச் சந்தை விலைக்கன்றிப் பன்னாட்டு அலுவல் விலைக்கே நெடுங்காலம் அரசு பெற்றது என்பது தொழிலாளரின் எதிர்வாதம். ஏட்டில் எழுதப்பட்ட இழப்பில் ஒரு பங்கு விலை நிர்ணயத்தால் விளைந்தது என்ற அவ்வாதத்தைப் பொருளியலார் புறந்தள்ள இயலாது.

நீரிறைப்பு நின்றதும் சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்தது. அங்குத் தொடங்கிய பெமல் ஆலை ஓரளவே வேலை தந்தது. எஞ்சியோர் மாரிக்குப்பத்தில் விடியலில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் சென்று இரவில் மீள்கின்றனர். 2018, 2022 ஆண்டுகளில் வந்த கன்னடத் திரைப்படங்கள் ஊரின் ஆங்கிலச் சுருக்கப் பெயரை நாடெங்கும் பரப்பின. 2024இல் வந்த 'தங்கலான்' வடஆர்க்காட்டுத் தொழிலாளரைக் கதைமாந்தர் ஆக்கியது. முன்னவற்றைவிட அது வரலாற்றுக்கு அணுக்கமானது என்பதை மறுப்பதற்கில்லை.

2024 ஜூன் மாதத்தில், 1,003.4 ஏக்கர் பரப்பிலுள்ள 13 கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் பொன்னெடுக்கும் நடுவணரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகளை அகற்றுவது ஊர்க்கு நன்மை என்பாரும், வேலை வரும் என்பாரும் உளர். அவ்விரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. ஆனால் ஒரு டன்னுக்கு ஒரு கிராமும் தேறாத அப்புழுதியை மீண்டும் கிளறி, நனைத்து, நஞ்சுக் கரைசலில் ஊறவைக்கவேண்டும். கிளறும்போது எழும் தூசி எந்த லைன் வீடுகளின்மேல் படியும் என்பதும், நனைப்பதற்கான நீர் பேத்தமங்கலத்திலிருந்து வருமா, அன்றி 2018 முதல் பெங்களூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டத்திலிருந்து வருமா என்பதும் வேலை தொடங்குமுன் விடை காணவேண்டிய வினாக்களாகும்.